கருவிழி அறுவைக்குப் பின் இமைத் தொய்வு: தில்லி வாசகர்களின் கேள்விகளுக்குக் கண் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தாயாருக்கு 62 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது கண்ணில் கருவிழி மாற்று அறுவை நடந்தது. இப்போது அந்தக் கண்ணின் மேல் இமை தொங்குகிறது. மாற்றிய கருவிழி கெட்டுவிட்டதா? (வாசகி, கரோல் பாக்)

பதில்: பெரும்பாலும் இல்லை. அறுவையின்போது இமைகளை விரித்துப் பிடிக்கும் கம்பிக் கருவி, வயதினால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இமைத் தசைநாரை மேலும் இழுத்துவிடுவதுண்டு. நீண்டகால ஸ்டீராய்டு சொட்டு மருந்துக்கும் இதில் பங்கிருக்கலாம். ஆனால் கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தில் கூசி, பார்வையும் மங்கினால், அது தொய்வன்று. கருவிழியை உடல் நிராகரிப்பதால் கண் தானாகச் சுருங்குவதாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இமையைத் தூக்கும் அறுவை, மாற்றிய கருவிழியைப் பாதிக்குமா? (வாசகர், ராமகிருஷ்ணபுரம்)

பதில்: அளவுக்கு மீறித் தூக்கினால் பாதிக்கும். மாற்றப்பட்ட கருவிழியில் நரம்புகள் அறுபட்டிருப்பதால் உணர்ச்சி குறைவு. காய்ந்தாலும் கீறினாலும் பலருக்கு உறுத்தலே தெரியாது. இந்நிலையில் இமை உறக்கத்தில் முழுதாக மூடாவிட்டால், மேற்தோல் உரிந்து புண்ணாகி, தொற்று புகுந்து, அரும்பாடுபட்டுப் பொருத்திய கருவிழியே வெளுத்துப்போகக்கூடும். ஆகவே அறுவைக்கு முன் கண்ணீரின் அளவு, பஞ்சு இழையால் தொட்டறியும் கருவிழி உணர்ச்சி, இமையைத் தூக்கும் தசையின் வலு, கண்ணை மூடும்போது விழி மேல்நோக்கி உருள்கிறதா என்பது ஆகிய அனைத்தையும் பார்க்கிறோம். விழி உருளாதவருக்கு அறுவையைத் தள்ளிப்போடுவதோ மிகக் குறைவாகத் தூக்குவதோதான் என் வழக்கம்.

இயல்பான கண்ணில் இமையின் ஓரம் பாவையின் (கண்ணின் நடுவிலுள்ள கரிய துளையின்) நடுவிலிருந்து 4 முதல் 5 மில்லிமீட்டர் மேலே நிற்கும். கருவிழி மாற்றிய கண்ணில் பாவை தெளிவாக வெளித்தெரியும் அளவோடு நிறுத்திவிடுவேன். இரண்டு கண்களும் ஒன்றுபோல் இராது என்பதையும் முன்னரே சொல்லிவிடுவேன். புகைப்படத்துக்கு அழகாக இல்லையே என்ற மனக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், கருவிழிப் புண்ணை அப்படிப் பொறுக்க முடியாது. தசை மிகவும் வலுவிழந்தவர்களுக்கு இமையை நெற்றித் தசையோடு பிணைக்க நேரிட்டால், பின்னர் தளர்த்தக்கூடிய சிலிகோன் இழையே உகந்தது.

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் லேசிக் (பார்வைக் குறையைச் சரிசெய்யும் லேசர் கருவிழி அறுவை) செய்துகொண்டேன், வயது 29. இடது இமை சற்றுத் தாழ்ந்திருக்கிறது. உடனே சரிசெய்யலாமா? (வாசகர், குருகிராம்)

பதில்: பொறுத்திருங்கள். லேசிக்கில் கருவிழி நரம்புகள் வெட்டுப்படுவதால் வரும் வறட்சி பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீடிக்கிறது, அது அடங்கட்டும். லேசிக்குக்கு முன் வன்காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தீர்களா? பல ஆண்டுப் பழக்கத்தால் தொய்வு வருவதுண்டு. மாலையில் இமை மேலும் தாழ்ந்தால், தசைக்களைப்பு நோய்க்கான (மயஸ்தீனியா கிராவிஸ்) பரிசோதனை முதலில் தேவை. திடீரென்று தொய்ந்து, இரட்டைப் பார்வையும் பாவை விரிவும் சேர்ந்தால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: தையல் இன்னும் கருவிழியில் இருக்கிறது. முதலில் எது, கண்ணாடியா இமையா? (வாசகி, மயூர் விகார்)

பதில்: தையலை எடுப்பது, இமை அறுவை, கண்ணாடி என்ற வரிசை. தொய்ந்த இமை அழுத்துவதால் கருவிழியின் வளைவு மாறுகிறது. தூக்கியபின் சிலிண்டர் பவரும் (சீரற்ற வளைவைச் சரிசெய்யும் கண்ணாடி அளவு) மாறும். இமை அறுவைக்குப் பின் சுமார் மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி வாங்குங்கள்.

கேள்வி: தில்லியில் இமை அறுவையை எந்தப் பருவத்தில் செய்துகொள்வது நல்லது? (வாசகர், முனீர்கா)

பதில்: தீபாவளிக்குப் பிந்தைய புகைமூட்டமும், மே, ஜூன் மாதங்களின் ‘லூ’ எனும் வறண்ட வெப்பக் காற்றும் கண்ணை வறட்டும். அவசரமில்லாதவர் பிப்ரவரி, மார்ச்சைத் தேர்ந்தெடுக்கலாம். பாவையே மறைந்திருந்தால் பருவம் பார்க்க வேண்டாம். பதப்படுத்தும் வேதிப்பொருள் கலவாத செயற்கைக் கண்ணீரைப் பகலிலும், ஜெல்லை இரவிலும் மருத்துவர் சொன்னபடி இடுங்கள். ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. முதல் சில இரவுகளில், நீங்கள் உறங்கியபின் வீட்டார் டார்ச் வெளிச்சத்தில் கண்ணைப் பார்க்கட்டும். இமைகளுக்கிடையே வெண்கோடு தெரிந்தால் மறுநாள் காலையிலேயே அறுவை செய்தவரிடம் செல்லுங்கள்.