பத்திரத்தில் எழுதி வாங்கினால் பிள்ளை நம்முடையதா?

தெரிந்த செவிலியர் ஒருவர், பிறக்கப்போகும் குழந்தையை எங்களுக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். தாய் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பாராம். பிறப்புச் சான்றிதழிலேயே எங்கள் பெயரைப் போட்டுவிடலாமாம். செய்யலாமா? - வாசகி, தேனி

வேண்டவே வேண்டாம். வளர்க்க முடியாத தாய் குழந்தையை ஒப்படைக்க வேண்டிய இடம் குழந்தைகள் நலக் குழு. மனம் மாறினால் திரும்பப் பெற அவருக்கு 60 நாள் அவகாசமும் உண்டு. அதன்பின் குழந்தை 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் பதிவு வரிசைப்படிதான் போகும், உங்கள் கைக்கு நேராக வராது. பணம் கைமாறினால் அது விற்பனை: ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனை ஊழியருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. பொய்ச் சான்றிதழ் பள்ளிக்கூடம் வரை செல்லுபடியாகலாம். சொத்து என்று வரும்போது ஒரு பங்காளி மரபணுப் பரிசோதனை கேட்டு நீதிமன்றம் ஏறினால், அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்?

தங்கையின் ஆறு வயது மகனைச் சுவீகாரம் எடுக்க விரும்புகிறோம். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஹோமம் கட்டாயமா? - வாசகர், கும்பகோணம்

கட்டாயமில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, மகன் இருந்தால்தான் இன்னொரு மகனை எடுக்க முடியாது. மகள் இருப்பது தடையில்லை. உங்கள் மனைவியின் சம்மதமும் பிள்ளையின் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். பெற்றவர்கள் கொடுக்க, நீங்கள் வாங்கிக்கொள்வதுதான் இதன் உயிர். என்னிடம் வருபவர்களில் பலர் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். கொடுத்து வாங்கியதைப் பார்த்த சாட்சி யார் என்று கேட்டால் விழிப்பார்கள். நாலு பேர் முன்னிலையில் செய்து, இரு தரப்பும் கையெழுத்திட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிந்த பத்திரம் இருந்தால், தத்து நடக்கவில்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஒன்று, முறையாக நடந்த தத்தை ரத்து செய்ய முடியாது. தங்கையிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் முஸ்லிம்கள். அண்ணன் மகளைத் தத்தெடுக்க முடியுமா? - வாசகி, மேலப்பாளையம்

முடியும். இந்து தத்தெடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் காரா வழித் தத்துக்கான இளைஞர் நீதிச் சட்டம் எந்த மதத்தவருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. உறவினர் குழந்தை என்றாலும் காரா இணையதளத்தில் பதிய வேண்டும். 2022 முதல் தத்து ஆணை தருபவர் மாவட்ட ஆட்சியர்.

வயது 44, மணமாகாதவன். பெண் குழந்தை வேண்டும். - வாசகர், சேலம்

காரா வழியில் தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. ஆண் குழந்தை என்றாலும் உங்கள் வயதுக்கு இரண்டு வயதுக்கு மேற்பட்டதுதான் கிடைக்கும். கைக்குழந்தையை எடுக்கத் தனி நபருக்கு உச்ச வயது வரம்பு 40.