பெயர் தெரியாத தனியார் பல்கலைக்கழகம்: சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

"ஊர்ல பாதிப் பேருக்கு அந்தப் பேரே தெரியலை. ஆனா நேர்ல போய்ப் பார்த்தா கட்டடம், கேன்டீன் எல்லாம் பளிச்னு இருக்கு. சேர்க்கலாமா?" மே, ஜூன் மாதங்களில் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதுதான். கேள்வியிலேயே ஒரு திருத்தம் தேவை. இரண்டாயிரம், மூவாயிரம் மாணவர்கள் படிக்கும் சின்னப் பல்கலைக்கழகத்துக்கு மொத்தப் பெயர் என்று ஒன்று இருப்பதில்லை, துறைக்குத்தான் பெயர். நாலு நல்ல பேராசிரியர்கள் இருந்தால் அது நல்ல துறை. அதில் இரண்டு பேர் கிளம்பிவிட்டால் அடுத்த வருடமே அது வேறு துறை. பெரிய இடத்தில் இரண்டு பேர் போனது வெளியே தெரியாது. இங்கே பாடமே நின்றுபோகும். அதனால் விசாரிப்பதையெல்லாம் உங்கள் பிள்ளை சேரப்போகும் துறையைப் பற்றியே விசாரியுங்கள்.

சட்ட அந்தஸ்தைச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. சொந்தமாகப் பட்டம் தரும் தனியார் இடங்கள் இரண்டு வகை. ஒன்று, யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 1956, பிரிவு 3-இன் கீழ் வரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மற்றது, ஒரு மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டு உருவாக்கும் மாநிலத் தனியார் பல்கலைக்கழகம். (நிகர்நிலை என்றாலே தனியார் முதலாளி என்று நினைக்க வேண்டாம். காந்திகிராமமும் அவினாசிலிங்கமும்கூட நிகர்நிலைதான்.) இரண்டு வகைக்கும் யு.ஜி.சி. இணையதளத்தில் பட்டியல் உண்டு, போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. பெயரோடு வளாகத்தின் முகவரியையும் ஒத்துப் பாருங்கள். தலைமை வளாகத்துக்கு இருக்கும் அனுமதி, வேறு ஊரில் திறந்த கிளைக்கும் இருக்கிறது என்று பொருள் அல்ல. சத்தீஸ்கரில் 2002-இல் வந்த ஒரு சட்டத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தபோது அவையெல்லாம் ஒரே தீர்ப்பில் இல்லாமல் போயின. தொழிற்படிப்புக்குத் தனி அனுமதியும் வேண்டும்: சட்டப் படிப்பு என்றால் பார் கவுன்சில், பார்மசி என்றால் பார்மசி கவுன்சில், ஆர்க்கிடெக்சர் என்றால் அதற்கான கவுன்சில். இவற்றின் அனுமதிக் கடிதத்தில் இந்தக் கல்வியாண்டு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்றால் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் பாடம் நடத்துபவர் ஒருவர், வினாத்தாள் எடுப்பவரும் திருத்துபவரும் வேறொருவர். தனியார் பல்கலைக்கழகத்தில் எல்லாமே உள்ளேயே நடக்கும். அதில் குற்றம் எதுவும் இல்லை. பாடத்திட்டத்தை வேகமாக மாற்றிக்கொள்ள முடிவது இதனால்தான். ஆனால் அங்கே பத்துக்கு வாங்கும் 9.1 சி.ஜி.பி.ஏ.வுக்கு (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரிக்கு) வெளியில் அளவுகோல் கிடையாது. வேலைக்கு எடுப்பவரும் மேற்படிப்புக்குச் சேர்ப்பவரும் அந்த எண்ணை நம்புவது, அந்த இடத்தின் மதிப்பெண் முறையை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் துறைத்தலைவரிடம் மூன்று கேள்வி: போன செமஸ்டர் வினாத்தாள்களைப் பார்க்கலாமா, வெளியாள் யாராவது விடைத்தாள் திருத்துகிறார்களா, வகுப்பில் எத்தனை சதவீதம் பேர் ஒன்பதுக்கு மேல்? பாதிப் பேர் ஒன்பதுக்கு மேல் என்றால் அந்த ஒன்பதுக்கு வெளியே மதிப்பில்லை.

விளம்பரத்தை மூடி வையுங்கள், நிறுவனமே அரசுக்குக் கொடுத்த தாளை எடுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பித்த ஒவ்வொரு நிறுவனமும், தான் சமர்ப்பித்த விவரங்களைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். முகப்பின் அடியில் எங்காவது 'என்.ஐ.ஆர்.எஃப்.' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதில் ஆண்டுவாரியாக பி.டி.எஃப். கிடைக்கும். தரவரிசையில் இடம் வராத நிறுவனத்துக்கும் இந்தத் தாள் உண்டு, நமக்கு வேண்டியது ரேங்க் அல்ல, இந்தத் தாள்தான். மூன்று ஆண்டுத் தாள்களை இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வேலைவாய்ப்பு அட்டவணையில் முதலாண்டு சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், சராசரி இல்லாமல் நடுநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் சம்பளம்), மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: நான்காண்டுப் படிப்பில் 300 பேர் சேர்ந்தார்கள், நாலே ஆண்டில் முடித்தவர்கள் 205, வேலை கிடைத்தது 135 பேருக்கு. சேர்ந்தவர்களில் இது 45 சதவீதம், முடித்தவர்களில் 66. விளம்பரத்தில் மட்டும் '93 சதவீத பிளேஸ்மென்ட்' என்று இருக்கும். பொய் இல்லை. அரியர் இல்லாமல், 60 சதவீதத்துக்கு மேல் வைத்து, பிளேஸ்மென்ட் பிரிவில் பதிவும் செய்தவர்கள் 145 பேர், அவர்களில் 135. வகுக்கும் எண்ணை மாற்றியதுதான் வித்தை. முடிக்காமல் போன அந்த 95 பேர் எங்கே என்று கேளுங்கள். அரியர் அதிகமா, பாதியில் வெளியேறினார்களா என்பது ஒரு இடத்தின் குணத்தை நிறையச் சொல்லும்.

இந்த அட்டவணை எல்லா நான்காண்டுப் படிப்புகளையும் சேர்த்துக் காட்டும், துறைவாரியாகப் பிரிக்காது. துறைக் கணக்கை பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆஃபர் எத்தனை, ஆள் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள்; ஒரே மாணவர் மூன்று ஆஃபர் வாங்கினால் சுவரொட்டியில் மூன்றாகவே எண்ணப்படும். பதினைந்து கல்லூரி மாணவர்களைக் கூட்டி நடத்திய பூல் டிரைவில் கிடைத்த வேலையா, கம்பெனி வளாகத்துக்கே வந்ததா என்பதையும் கேளுங்கள். லிங்க்ட்இன்னில் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய் 'முன்னாள் மாணவர்கள்' பகுதியில் முடித்த ஆண்டையும் படிப்பையும் வடிகட்டினால், மூன்று வருடம் முன்பு முடித்தவர்கள் இன்று என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அதே என்.ஐ.ஆர்.எஃப். தாளில் ஆசிரியர் பட்டியல் பெயர், தகுதி, சேர்ந்த தேதியோடு இருந்தால் அதுதான் புதையல். போன ஆண்டுப் பட்டியலில் உங்கள் துறையில் இருந்த பெயர்களில் எத்தனை இந்த ஆண்டும் இருக்கின்றன? இருபதில் எட்டுப் பேர் மாறியிருந்தால் எதனால் என்று கேட்க வேண்டும். சம்பளம் தாமதமாகிறதா, புதிய துணைவேந்தர் வந்து ஆட்களை மாற்றினாரா? சேர்ந்த தேதி எல்லாம் ஆய்வுக் குழு வரும் மாதத்துக்குச் சற்று முன்பு குவிந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பொறியியலுக்கு, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர்.

இடங்களின் எண்ணிக்கை இரு பக்கமும் எச்சரிக்கும். 120 இடத்தில் 48 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பிரிவு இரண்டு வருடத்தில் மூடப்படலாம், ஆசிரியர்கள் வேறு துறைக்கு மாற்றப்படலாம். மாறாக, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரே வருடத்தில் 120-இலிருந்து 600 ஆகியிருந்தால், 'சின்ன வளாகம், தனிக் கவனம்' என்ற பேச்சை மறந்துவிடுங்கள். நன்றாகச் செயல்படும் நிறுவனங்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் இடங்களின் உச்சவரம்பை நீக்கிவிட்டதால், இப்படி வீங்குவது இப்போது எளிது.

கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கு ஒரு பத்தி போதும். ஏ பிளஸ் பிளஸ் என்றால் 4-க்கு 3.51-உம் அதற்கு மேலும், ஏ என்றால் 3.01 முதல் 3.25 வரை. இது முழு நிறுவனத்துக்கான மதிப்பெண், துறைக்கானது அல்ல. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரையே சி.பி.ஐ. லஞ்ச வழக்கில் கைது செய்தது, ஆகவே எழுத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். துறை அளவில் பார்ப்பது என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம், எந்தப் பாடப்பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். சில சர்வதேச 'நட்சத்திர' மதிப்பீடுகள் நிறுவனம் கட்டணம் கட்டி வாங்குபவை. வரவேற்பறையில் மாட்டியிருக்கும் விருதுகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இனி வளாகத்தின் குணம். கட்டடத்தில் ஏமாறுவதற்கு முதல் காரணம், போகும் நேரம். அட்மிஷன் காலத்தில் சீனியர்கள் விடுமுறையில் இருப்பார்கள். நீங்கள் பார்ப்பது காலி வளாகமும் கோட் போட்ட அட்மிஷன் ஊழியர்களும். முடிந்தால் மார்ச், ஏப்ரலிலேயே, செமஸ்டர் ஓடும் ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். தாமதமாகிவிட்டதென்றால் சீனியர்களுக்கு வகுப்பு தொடங்கிய பிறகு, பணம் திரும்பக் கிடைக்கும் காலத்துக்குள் ஒரு முறை போங்கள். மாலை மூன்றரையிலிருந்து ஆறு வரை உள்ளே இருங்கள். நாலு மணிக்கு எல்லா பஸ்ஸும் கிளம்பி, வளாகம் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி ஆகிவிட்டால், கையேட்டில் இருக்கும் முப்பது கிளப்பும் காகிதத்தில்தான். லேப் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று லேப் அசிஸ்டென்டைக் கேளுங்கள், டீனை அல்ல. நோட்டீஸ் போர்டில் என்ன ஒட்டியிருக்கிறது என்று படியுங்கள்: போட்டி அறிவிப்பு, இன்டர்ன்ஷிப், கருத்தரங்கு அதிகமா, அபராதச் சுற்றறிக்கை அதிகமா?

ஹாஸ்டல் விதிப் புத்தகத்தை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். அவுட்பாஸ் யார் கையெழுத்தில், வாரத்துக்கு எத்தனை முறை, பெற்றோர் அனுமதி போனிலா மெசேஜிலா, வைஃபை எத்தனை மணிக்கு நிற்கும். எல்லாவற்றையும் விட, உள்ளே வர வேண்டிய நேரம் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றுதானா? பையன்களுக்கு ஒன்பது மணி, பெண்களுக்கு ஆறரை என்றால் அது பாதுகாப்பு விஷயமாக மட்டும் நிற்காது. பிராஜெக்ட் குழு ஆறு மணிக்கு மேல்தான் உட்காரும். உங்கள் மகள் அதில் இருக்க மாட்டாள், லேபும் அவளுக்குக் கிடையாது. ஃபீஸ் மட்டும் ஒரே ஃபீஸ். 'ரொம்ப ஸ்ட்ரிக்ட்' என்பதைப் பல பெற்றோர் தரச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். கண்டிப்பு என்பது நிர்வாகப் பாணி, பாடம் நடத்தும் திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அட்டெண்டன்ஸ் விதி பெரும்பாலும் 75 சதவீதம். அதற்குச் சற்றுக் கீழே மருத்துவச் சான்றோடு கண்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்குவது). விதி முக்கியமில்லை, நடைமுறையைக் கேளுங்கள்: போன செமஸ்டரில் எத்தனை பேருக்கு ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்டது, எத்தனை பேர் பணம் கட்டி எழுதினார்கள்? இன்டர்ன்ஷிப்புக்குப் போனால் ஆன் டியூட்டி (வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு) உண்டா?

மாணவர்களிடம் பேசும்போது பேட்ஜ் குத்திய 'ஸ்டூடன்ட் அம்பாசிடரை' விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். "நல்லா இருக்காப்பா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு அங்கிள்" என்ற பதில்தான் வரும். செமஸ்டர் நடுவில் எந்த சாராவது மாறினாரா? ரீவேல்யூவேஷன் போட்டால் மார்க் கூடுமா? மெஸ் சரியில்லை என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், பதில் கிடைத்துவிட்டது.

சின்ன வளாகத்தின் உண்மையான லாபம், ஆசிரியருக்கு உங்கள் பிள்ளையின் பெயர் தெரியும் என்பது. மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது 'நல்ல மாணவர்' என்று பொதுவாக எழுதாமல், செய்த வேலையைச் சொல்லி எழுதுவார். நஷ்டமும் அதே இடத்தில்தான்: ஒரு துறைத்தலைவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாறிப் போக இன்னொரு செக்‌ஷன் இருக்காது. விருப்பப் பாடங்களிலும் இதே கதை. பாடத்திட்டத்தில் முப்பது எலக்டிவ் இருக்கும். குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் நடத்த மாட்டார்கள். பாடத்திட்டத்தை ஒதுக்கிவிட்டு, இந்த செமஸ்டரில் ஓடும் டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

குறை தீர்க்கும் ஏற்பாட்டையும் பாருங்கள். 2023-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஓம்பட்ஸ்பர்சன் (மாணவர் முறையீட்டை விசாரிப்பவர்) இருக்க வேண்டும். அவர் பெயரும், ராகிங் தடுப்புக் குழு, பெண்களுக்கான உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர் பெயர்களும் இணையதளத்தில் இருக்கின்றனவா, எப்போது மாற்றப்பட்டவை? அங்கே கொடுத்திருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். ராகிங் விஷயத்தில் தேசிய உதவி எண் 1800-180-5522.

பணக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெற்றோர் அடிக்கடி சறுக்கும் இடம்: முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருபவை. நிகர்நிலையில் நேரடியாகச் சேர்ந்தால் இரண்டும் கிடையாது. 'ஸ்காலர்ஷிப்' என்று பல்கலைக்கழகம் தருவது எந்த சி.ஜி.பி.ஏ.வுக்குக் கீழே போனால் நிற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் வருடத்தோடு முடிந்துபோவது நிறைய. கல்விக் கடன் பொதுவாக ஏழரை லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமிக்குத் தனி நிறுவனப் பட்டியல் உண்டு. தனியார் நிறுவனம் அதில் வர என்.ஐ.ஆர்.எஃப்.பில் முதல் நூறுக்குள் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாவிட்டால் வங்கியின் வழக்கமான நிபந்தனைகள்தான். ஜெர்மனியில் மேற்படிப்பு எண்ணம் இருந்தால், அந்நாட்டின் அனாபின் தரவுத்தளத்தில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது என்ற குறி) இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். புதிய இடங்கள் அதில் இன்னும் ஏறாமல் இருக்கலாம்.

"இன்னைக்கு ஐம்பதாயிரம் கட்டினாத்தான் சீட்" என்று போன் வந்தால், பதற்றப்படாமல் கட்டணத் திருப்பு விதியை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். 2024-25 கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. சொன்னது: செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணமும் திரும்ப, அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்தம். உங்கள் ஆண்டுக்கான சுற்றறிக்கையை யு.ஜி.சி. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பதும் யு.ஜி.சி. விதிதான். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். அறக்கட்டளை பெயரிலோ ஏஜென்ட் பெயரிலோ ரசீது தருகிறார்கள் என்றால், அந்தப் பணத்துக்கு இந்தத் திருப்பு விதியைக் காட்டிக் கேட்பது கடினம்.