கட்சியில் சேர்வதா, கட்சி தொடங்குவதா? சேலம் நண்பர்களின் கேள்விகள்

பதிவு, சின்னம், தேர்தல் விதி ஆகியவற்றுக்குப் பதில் உண்டு. யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று கேட்பவர்களுக்குக் கிடையாது.

அம்மாபேட்டை: சார், நாங்க நாப்பது பேரு, எல்லாம் தறி ஓட்டுறவங்க. தை ஒண்ணாம் தேதி கட்சிப் பேரை அறிவிக்கலாம்னு இருக்கோம். என்ன செய்யணும்?

முதலில் அந்தத் தேதியைத் தள்ளிப் போடுங்க. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவுப்படி, கட்சி தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் தேர்தல் ஆணையத்துக்குப் போயாக வேண்டும். மேடையில் கொடியை ஏற்றிவிட்டு அப்புறம் ஆள் தேடினால் இந்த 30 நாள் கரைந்துவிடும். ஆளையும் தாளையும் சேர்த்துக்கொண்டு தேதி குறியுங்க.

குறைந்தது 100 உறுப்பினர் வேண்டும். எல்லாரும் வாக்காளராக இருக்க வேண்டும். வேறு எந்தப் பதிவு பெற்ற கட்சியிலும் இல்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். சிக்கல் இங்கேதான். மிஸ்டு கால் கொடுத்து எங்கேயோ உறுப்பினரானவர், மாமன் கட்டாயத்துக்காகக் கார்டு வாங்கியவர் என்று கூட்டத்தில் பாதிப் பேர் இருப்பார்கள். அவர்கள் விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளட்டும். வாக்காளர் அட்டையில் ஒரு எழுத்து, பத்திரத்தில் வேறு எழுத்து என்றால் தாள் திரும்பும். 100 பேர் தேவை என்றால் 130 பேரைத் திரட்டுங்க.

கட்டணம் 10,000 ரூபாய், டி.டி. அரசியல் சாசனத்துக்கும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகக் கொள்கைகளுக்கும் கட்டுப்படுவோம் என்ற வாசகம் கட்சி விதிகளில் அப்படியே இருக்க வேண்டும். பிறகு இரண்டு தேசிய நாளிதழ், இரண்டு உள்ளூர் நாளிதழ், இவற்றில் இரண்டு நாள் விளம்பரம். ஆட்சேபம் சொல்ல 30 நாள். கட்டணத்தைவிட விளம்பரச் செலவுதான் கையைக் கடிக்கும்.

செவ்வாய்பேட்டை: ஏற்கெனவே பதிவான கட்சி ஒண்ணு விலைக்கு வருதாம். வாங்கலாங்களா?

வேண்டாம். பெயரளவில் மட்டும் இருக்கும் லெட்டர்பேட் கட்சிகளைக் கைமாற்றிவிடும் தரகர்கள் அடுத்து எதற்கு வருவார்கள் தெரியுமா? 'நன்கொடை ரசீது போடுங்க, கமிஷன் போக மீதியைப் பணமாகத் திருப்பித் தர்றோம்' என்று வருவார்கள். வருமான வரித்துறை இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. 2019-லிருந்து எந்தத் தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் ஆணையம் பட்டியலிலிருந்து எடுத்தது. அடுத்த மாதமே இன்னும் 474. நீங்கள் வாங்கப்போவது அதில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

நாகலூர், ஏற்காடு: எங்க ஊருக்கு ரோடு இல்லைங்க. அதுக்காகவே கட்சி ஆரம்பிக்கலாம்னு பசங்க சொல்றாங்க.

ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. 21 வயது முடிந்து, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நிற்கலாம், இட ஒதுக்கீட்டை மட்டும் பாருங்க. ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் கட்சிச் சின்னம். ஒரு ரோட்டுக்கு ஒரு கட்சி தேவையில்லை.

ஓமலூர்: பதிவு ஆயிட்டா சின்னம் கெடைச்சிடுமா அண்ணே?

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு மட்டும் பெற்ற கட்சிக்குச் சொந்தச் சின்னம் கிடையாது. தன் வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே சின்னம், அதாவது பொதுச் சின்னம் கேட்டு விண்ணப்பிக்கலாம். சட்டமன்றத்தில் குறைந்தது 5 சதவீதத் தொகுதிகளில் ஆள் நிறுத்த வேண்டும். 234-க்கு 5 சதவீதம் என்றால் 12. சேலம் மாவட்டத்தில் கெங்கவல்லியிலிருந்து வீரபாண்டி வரை மொத்தம் 11 தொகுதிதான். மாவட்டம் முழுக்க நின்றாலும் ஒன்று குறையும்!

முந்தியவருக்கே சின்னம். 2024-ல் கரும்பு விவசாயி சின்னத்துக்கு வேறொரு கட்சி முந்திக்கொண்டதால் நாம் தமிழர் கட்சி மைக் சின்னத்தில் நின்றது. 8 சதவீத வாக்கைத் தாண்டி அங்கீகாரமும் பெற்றது, ஆனால் அதற்கு ஊரூராக ஆள் இருந்தது. அங்கீகாரம் இல்லாவிட்டால் வேட்புமனுவுக்கு 10 பேர் முன்மொழிய வேண்டும், சுயேச்சைக்கும் அதே கணக்கு. அங்கீகரித்த கட்சிக்கு ஒருவர் போதும்.

அஸ்தம்பட்டி: சும்மா பயமுறுத்தாதீங்க. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபர்ல ஆரம்பிச்சார், அடுத்த மே மாசம் அவர் கட்சி திண்டுக்கல் இடைத்தேர்தல்ல ஜெயிச்சுது.

எதிர்பார்த்தேன். அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. ஊருக்கு ஊர் இருந்த ரசிகர் மன்றங்கள் ஒரே இரவில் கிளைகளாயின.

அஸ்தம்பட்டி: மன்றம் இருந்தா போதும்னா, சிவாஜி ஏன் தோத்தார்?

மன்றம் போதும் என்று நான் சொல்லவில்லையே. சிவாஜி 1988-ல் கட்சி தொடங்கி, 1989-ல் திருவையாற்றில் தோற்றார். கூட்டம் வேறு, பூத்தில் உட்கார்கிற ஆள் வேறு.

ஆத்தூர்: நம்ம சேலம் நகராட்சித் தலைவரா இருந்த ராஜாஜி 80 வயசுல ஆரம்பிச்சாரே?

சுதந்திராக் கட்சி, 1959. 1962-ல் மக்களவையில் 18 இடம், 1967-ல் 44. 1974-ல் வேறொன்றோடு கலந்து காணாமல் போனது. முதலமைச்சராகவும் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தவரின் கட்சிக்கே ஆயுள் 15 வருடம்.

ராஜாஜியை இழுத்த நீங்கள் 1944-ஐ விட்டுவிட்டீர்கள். நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது இதே சேலம் மாநாட்டில்தான். தீர்மானம் கொண்டுவந்த அண்ணா புதுக் கட்சி தொடங்கவில்லை, இருந்த கட்சியையே மாற்றினார். அங்கே இடம் இல்லாமல் போன பிறகுதான் 1949-ல் தனியே வந்தார், அதுவும் கிளைகளோடு. அப்படியும் சட்டமன்றத் தேர்தலில் இறங்கியது 1957-ல், கிடைத்தது 15 இடம். சேர்வதா, தொடங்குவதா என்று கேட்பவர்கள் இந்த எட்டு வருடத்தைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அஸ்தம்பட்டி: அப்போ யாருமே புதுசா வரக்கூடாதா?

வரலாம், பூத் கணக்கோடு வாருங்கள். இதற்கு மேல் எம்.ஜி.ஆர். கேள்வி எடுக்க மாட்டேன்.

தாதகாப்பட்டி: பதிவுக் கட்டணம் எவ்வளவு சார்?

மேலே இருக்கிறது.

சூரமங்கலம்: நான் அரசு ஊழியர். மறைமுகமா பொறுப்பு எடுத்துக்கலாமா?

கூடாது. நடத்தை விதி அனுமதிக்காது.

தாதகாப்பட்டி: பதிவுக்கு ஆன்லைன்ல ஒருத்தர் 50,000 கேக்குறார்...

தரகர். செவ்வாய்பேட்டைக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கொண்டலாம்பட்டி: சரிங்க, இருக்குற கட்சியிலயே சேர்றேன். என்ன பதவி கேக்கலாம்?

வட்டச் செயலாளரிடம் போய்ப் பதவி கேட்காதீர்கள், உங்கள் பாகத்தை, அதாவது உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய வாக்காளர் பட்டியல் பகுதியைக் கேளுங்கள். அங்கீகரித்த கட்சிகள்தான் பாக முகவரை நியமிக்க முடியும். லெட்டர்பேட் கட்சிக்கு அந்த வசதி இல்லை. ஒரு பாகத்தில் இப்போது அதிகபட்சம் 1,200 வாக்காளர். பட்டியலை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போங்கள். இறந்தவர் பெயருக்குப் படிவம் 7, புதிதாகச் சேர்க்க 6, திருத்தத்துக்கு 8. வாக்காளர் பட்டியல் திருத்தம் முடியும்போது உங்கள் பாகத்தில் யார் எந்த வீட்டில் என்று உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத நிலை வரும். அப்புறம் மாநகராட்சியின் 60 வார்டில் உங்கள் வார்டுக்கு விருப்ப மனு கொடுங்கள்.