குரோம் திரையை மறிக்கும் ‘வைரஸ்’ எச்சரிக்கையை எப்படி மூடுவது?

கல்முனைத் தம்பி, ‘வைரஸ் புகுந்துவிட்டது, இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்’ என்று சைரனோடு கத்துவது வைரஸ் இல்லை. முழுத்திரையில் விரிந்த வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி இலக்கமே வராது.

எஸ்கேப் விசையைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். மசியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் குரோமைத் தெரிவுசெய்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். திரும்பத் திறக்கையில் ‘ரிஸ்டோர்’ என்று கேட்டால் தொடவே வேண்டாம். அதே பக்கம் வந்து குந்தும்.

மட்டக்களப்பில் என் மாமி பயந்துபோய் அந்த இலக்கத்துக்கு அழைத்தே விட்டார். மறுமுனையில் பேசிய மோசடிக்காரன் சொன்ன செயலியை இறக்கிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனது, நல்ல காலம்!

மூலையில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் விளம்பரங்கள் வேறு கதை. எப்போதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது ‘அலோ’ (Allow) அழுத்திய வினை. குரோம் செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் நோட்டிஃபிகேஷன் அனுமதியை நீக்குங்கள்.