தொட்டில் விரிப்பில் தொடங்குங்கள்

தையல் கேள்விகள்

கேள்வி: அக்கா, எனக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. அம்மா வீட்டில் பாட்டி காலத்துக் கால் மிஷின் ஒன்று சும்மா நிற்கிறது. ஊசியில் நூல் கோக்கக்கூட எனக்கு ஒழுங்காக வராது. ஆனாலும் குழந்தைக்கு மெத்தை விரிப்பு, தலையணை, ரஜாய், தொட்டில் கம்பியைச் சுற்றிக் கட்டுகிற பம்பர் எல்லாவற்றையும் செட்டாக நானே தைக்க ஆசை. மூன்று மாதத்தில் முடியுமா? எதில் ஆரம்பிப்பது?
– வாசகி, ஈரோடு

பதில்: முடியும். ஆனால் பட்டியலில் இருந்து பம்பரையும் தலையணையையும் இப்போதே அடித்துவிடுங்கள். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பச்சைக் குழந்தை அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டால் திருப்பிக்கொள்ளத் தெரியாது, மூச்சு முட்டிவிடும். பஞ்சு வைத்த பம்பரை விற்கவே கூடாது என்று அமெரிக்காவில் 2022இல் சட்டமே போட்டுவிட்டார்கள். ஒரு வயதுவரை தூங்குகிற இடத்தில் அமுங்காத மெத்தை, அதன் மேல் இறுக்கமான ஒரு விரிப்பு, மல்லாக்கப் படுத்த குழந்தை, அவ்வளவுதான் இருக்கவேண்டும். இதில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது பாருங்கள். தட்டையான துணி, நேர்த் தையல். முதன்முதலாக மிஷினில் உட்காருகிறவருக்குக் கைவரக்கூடியதும் அதுதான், உங்கள் பிள்ளைக்கு வேண்டியதும் அதுதான்.

முதல் வாரம் நூலே வேண்டாம். கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, கோட்டின் மேலேயே துளை விழும்படி மிதித்துப் பழகுங்கள். தையல் வகுப்பில் எல்லோரும் முதலில் செய்கிற வேலைதான் இது. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றாமல் கால் பழகுவதற்கே நாலைந்து நாள் ஆகும். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கியிருக்கும், துணிக்கு வரும்போது புது ஊசி மாட்டுங்கள், சாதாரணக் காட்டனுக்கு 14ஆம் நம்பர், மெல்லிய மல் துணிக்கு 11. முதுகு வலித்தால் உடனே எழுந்துவிடுங்கள். தினமும் வலித்தால் கால் மிஷினுக்குச் சின்ன மோட்டார் மாட்டித் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அம்மாவிடம் ஒரு பழைய காட்டன் புடவை கேளுங்கள். பல வருடம் துவைத்த துணி, இனி சுருங்காது, சாயம் போகாது, பிள்ளையின் தோலை உறுத்தாது. 22 அங்குலச் சதுரமாக வெட்டினால் நைந்த இடம் போக 10, 12 துண்டு தேறும். ஓரத்தை முதலில் கால் அங்குலம், பிறகு அரை அங்குலம் மடித்து அடித்தால் குழந்தைக்குக் கட்டுகிற துணி தயார். பத்துத் துண்டு முடிக்கும்போது ஏறக்குறைய 70 அடி நேர்த் தையல் போட்டிருப்பீர்கள். முதல் துண்டையும் பத்தாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகுதான் விரிப்பு. உங்கள் மெத்தை 24க்கு 48 அங்குலம், கனம் 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கனத்துக்கு 4, அடியில் மடிய 3, எலாஸ்டிக் ஓரத்துக்கு 1, ஆக 8 அங்குலம் கூட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் துணி 40க்கு 64. 44 அங்குல அகலத்தில் 1.75 மீட்டர் வாங்கினால் போதும், கனி மார்க்கெட் இருக்கிற ஊரில் நல்ல காட்டனுக்கா பஞ்சம்! வாங்கியதும் கத்திரியை எடுத்துவிடாதீர்கள். தண்ணீரில் நன்றாக அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். என் மூத்த மகளுக்கு நான் தைத்த முதல் விரிப்பை நனைக்காமல் வெட்டிவிட்டேன், இரண்டே சலவையில் சுருங்கி மூலை மெத்தையை விட்டு எழும்பிக்கொண்டது. குழந்தை படுக்கிற இடத்தில் துணி அப்படித் தளர்ந்து கிடக்கக்கூடாது, அதனால் அதை ஒருநாள்கூட அவளுக்கு விரிக்க முடியவில்லை.

வெட்டிய துணியின் நான்கு மூலையிலும் ஏழரை அங்குலச் சதுரத்தை எடுத்துவிடுங்கள். அங்கே வருகிற இரண்டு விளிம்பையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, அரை அங்குலம் விட்டுத் தைத்தால் பெட்டி மாதிரி மூலை வந்துவிடும். பிறகு சுற்றிலும் ஓரம் மடித்து அடித்து, ஓர் இடத்தில் மட்டும் இரண்டு அங்குலம் திறந்து விட்டு, ஊக்கில் எலாஸ்டிக்கைக் கோத்து உள்ளே விடுங்கள். விரிப்பை மெத்தையில் மாட்டி, அடிப்பக்கம் கவ்விப் பிடிக்கும்வரை இழுத்த பிறகு எலாஸ்டிக்கை அளவு வைத்து வெட்டித் தைத்து, திறப்பை மூடிவிடுங்கள்.

ரஜாய் ஆசையை விட வேண்டாம். மூன்று அடுக்குப் பழைய புடவையை வைத்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு போங்கள். குழந்தை முழித்திருக்கும்போது தரையில் பவானி ஜமக்காளத்தின் மேல் விரித்து விளையாட விடலாம். தொட்டிலுக்குள் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: துணியின் அடிப்பக்கம் நூல் கூடு கட்டியது போலச் சிக்கிக்கொள்கிறது. பாபினை மூன்று முறை மாற்றிவிட்டேன்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாபினை விடுங்கள், பெரும்பாலும் தப்பு மேல் நூலில்தான். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டை இறக்கிவைத்து நூல் கோத்திருப்பீர்கள், அப்போது மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு முதலில் இருந்து கோத்துப் பாருங்கள். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, மருமகளுக்கு மாதம் நெருங்குகிறது. பேரப்பிள்ளைக்குத் தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை தைக்கலாம் என்று துணி எடுத்துவைத்தேன். மருமகள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். என் பிள்ளைகள் எல்லாம் அதில்தானே படுத்தார்கள்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மனசு புரிகிறதம்மா, ஆனால் மருமகள் சொல்வது சரி. ஒரு வயதுவரை எந்தத் தலையணையும் ஆகாது, கடுகு என்றால் தையல் விட்டு ஒரு பிடி கொட்டினாலும் வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும். படுத்துப் படுத்து ஒரு பக்கம் தட்டையாகும் தலை, குழந்தை உட்காரத் தொடங்கியதும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். முழித்திருக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், அது நல்லது. அப்படியும் கவலையாக இருந்தால் குழந்தை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். எடுத்துவைத்த துணியில் முன்பக்கம் முடிச்சுப் போடுகிற சட்டை நாலு தையுங்கள், ஆஸ்பத்திரியில் முதல் நாளே வேண்டியிருக்கும். மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சட்டைக்கு ஓரம் அடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.