ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று புரோக்கர் சொன்னால்…

கேள்வி: என் கணவருக்கு 38 வயது, கொத்தனார். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் கிராமம். ஏழரை மாதத்துக்கு முன் தாராபுரம் சாலையில் அவருடைய பைக் மீது காய்கறி ஏற்றிவந்த மினி லாரி மோதி, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். லாரி முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து 20,000 ரூபாய் கொடுத்து, கேஸ் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போலீஸில் ஒரு ரசீது மட்டும் தந்தார்கள். இப்போது ஒருவர் வந்து, "ஆறு மாதம் தாண்டிவிட்டது, உங்கள் ஊர்க் கோர்ட்டில் எடுக்க மாட்டார்கள், வெளியூரில் போட்டு வாங்கித் தருகிறேன், நூற்றுக்கு முப்பது எனக்கு" என்கிறார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் வாங்கிப்போய்விட்டார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். முதலில் காகிதங்களைத் திரும்ப வாங்குங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருப்பது நிஜம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இந்தக் கெடு இருந்தது. அப்போது, தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் ஓராண்டு வரை ஏற்றுக்கொண்டார்கள். ஏழைகளுக்கு இது அநியாயம் என்று 1994-இல் கெடுவையே எடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 28 ஆண்டுகள் யாரும் நாள் கணக்குப் பார்க்கவில்லை. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது ஆறு மாதத்தை மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். இந்த முறை காரணம் சொல்லித் தப்பிக்கும் வழியும் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. காலில் கம்பியோடு கட்டிலில் கிடப்பவன் காலண்டர் பார்த்துக்கொண்டிருப்பான் என்று எழுதியவர்கள் நினைத்தார்களோ என்னவோ.

மறைத்த பாதி இது. இந்த ஆறு மாதக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அதில் 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது: ஆறு மாதம் தாண்டியது என்ற காரணத்துக்காக இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் எந்தத் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும், மறு உத்தரவு வரும்வரை, மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது. அதற்குப் புரோக்கரும் வேண்டாம், வெளியூரும் வேண்டாம். ஆனால் அது இடைக்கால உத்தரவு. நாளை மாறலாம். பொங்கல் கழியட்டும், ஆடி கழியட்டும் என்று நாள் தள்ளாமல் இந்த வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள்.

வெளியூர் என்று ஏன் சொல்கிறார் தெரியுமா? மனுவை விபத்து நடந்த எல்லைக்கு உட்பட்ட தீர்ப்பாயத்திலும் போடலாம், எதிர்த் தரப்பு இருக்கும் ஊரிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உட்பட்ட தீர்ப்பாயத்திலும் போடலாம். தேர்வு உங்களுடையது. வெளியூரில் போட்டால் வாய்தாவுக்கு நீங்கள் போக மாட்டீர்கள். பஸ்ஸுக்கே இருநூறு ரூபாய் ஆகும். வழக்கில் என்ன நடக்கிறது, எவ்வளவு தீர்ப்பானது என்று அவர் சொன்னால்தான் தெரியும்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார், நெசவுத் தொழிலாளி. கை மணிக்கட்டு ஒடிந்தவர். கையில் இருந்தது, வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தின் மங்கிய ஜெராக்ஸ் ஒன்றுதான். கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். பார்த்தால், இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மக்கள் நீதிமன்றத்தில் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே சமரசம் முடிந்திருந்தது. சமரச மனுவில் அவருடைய கையெழுத்து இருந்தது. வெற்றுத் தாளில் எப்போதோ போட்டது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. அவரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "அப்போ பொங்கலுக்கு அஞ்சாயிரம் குடுத்தாங்களே, அது எதுக்குங்க?" என்று கேட்டார்.

ஆகவே வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். வக்காலத்தில் வழக்கறிஞரின் பெயரும் நீதிமன்றத்தின் பெயரும் நிரப்பப்பட்டிருந்தால் மட்டும் போடுங்கள். அந்த வழக்கறிஞரின் முகத்தை ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். இழப்பீட்டுப் பணம் நேராகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதிலிருந்து சிலர் காகிதத்தை விட்டுவிட்டுப் பாஸ்புக்கைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். நூற்றுக்கு இத்தனை என்று பங்கு பேசுவது எங்கள் தொழிலில் தடை செய்யப்பட்டது. பார் கவுன்சில் விதியில் தெளிவாக இருக்கிறது. வழக்கறிஞரே கேட்கக் கூடாத பங்கை, சட்டமே படிக்காத ஒருவர் எலும்பு முறிவு வார்டில் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்கிறார். அவருக்கு வார்டு வரை வழிவிடுவது யார் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

அடுத்து அந்த ரசீது. போலீஸ் தந்தது சி.எஸ்.ஆர். உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. உங்களுக்குத் தேவை எஃப்.ஐ.ஆர். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்து என்றால் அதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 என்ற எண்கள் இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338 இல்லையே என்று பதற வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தாமதமாகப் பதிவானது என்பதற்காக மட்டும் இழப்பீடு போய்விடாது. தாமதம் ஏன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்களிடம் நல்ல காரணமே இருக்கிறது: லாரி முதலாளி பணம் கொடுத்துக் கேஸ் வேண்டாம் என்றார். அந்த 20,000 ரூபாயை மறைக்காமல் மனுவில் எழுதுங்கள். லாரி மோதவில்லை என்றால் அவர் எதற்குக் கொடுத்தார்?

நிலையத்தில் போய்க் கேட்டால், சாலையின் எந்தக் கல் வரை எந்த நிலையத்து எல்லை என்று ஆரம்பிப்பார்கள். ஒரு பக்கம் திண்டுக்கல் மாவட்டம், அந்தப் பக்கம் திருப்பூர் மாவட்டம். எல்லை எதுவானாலும் புகாரை வாங்க வேண்டும் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது. வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. விபத்து நடந்தால் மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கையைப் போலீஸே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே 2019 திருத்தச் சட்டத்தில் இருக்கிறது. 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் அட்டவணையே போட்டுக் கொடுத்தது. அவர்கள் அதைச் செய்திருந்தால் ஆறு மாதக் கேள்வி உங்களுக்கு எழுந்தே இருக்காது. போலீஸுக்குக் கொடுத்த கெடுவை யாரும் கேட்பதில்லை. கால் ஒடிந்தவனுக்குக் கொடுத்த கெடுவை மட்டும் எல்லோரும் விரல் விட்டு எண்ணுகிறார்கள்.

இனி ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மனு போட்ட பிறகு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து, "2.5 லட்சம் தருகிறோம், முடித்துக்கொள்ளுங்கள்" என்று வரக்கூடும். யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் உயிரிழப்புக்கு 5 லட்சமும் தருவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் இருக்கும் உங்கள் மனு அத்தோடு காலாவதியாகிவிடும். இப்போதைக்கு இதை வாங்கிக்கொள்வோம், மீதியைக் கேஸில் பார்ப்போம் என்பது நடக்காது. 2022-க்கு முன்பு நடந்தது. அந்த நினைவில்தான் பலர் ஏமாறுகிறார்கள், சில வழக்கறிஞர்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உங்கள் கணவருக்கு அது லாபமா? ஓர் உத்தேசக் கணக்கு. மாத வருமானம் 15,000 என்று நீதிபதி எடுத்துக்கொள்வதாக வைப்போம். நாற்பது வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்ந்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று முப்பத்தெட்டு வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த எண் 15. ஆக 37,80,000. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று முடிவானால் 11,34,000. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் இதற்கு மேல். வருமானத்தையும் சதவீதத்தையும் நீதிபதிதான் முடிவு செய்வார், கூடலாம், குறையலாம். இரண்டரை லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் காட்டவே எழுதினேன். புரோக்கரின் முப்பது சதவீதம் மட்டும் இதில் 3,40,200 ரூபாய்.

அப்படியானால் யார் அந்த 2.5 லட்சத்தை வாங்கலாம்? தவறு யார் மீது என்றே நிரூபிக்க முடியாதவர்கள், அல்லது தவறு தங்கள் பக்கம்தான் என்று மனதுக்குத் தெரிந்தவர்கள். முறிவு நன்றாகக் கூடி, பழையபடி வேலைக்குப் போய்விட்டவர்களும் வாங்கலாம். உங்கள் கணவர் தன் பக்கத்தில் ஒழுங்காக வந்து, லாரி எதிரே ஏறி வந்து மோதியிருந்தால் அவர் இந்தக் கூட்டத்தில் சேரமாட்டார். எந்தப் பக்கம் மோதியது, எந்த விளக்கு உடைந்தது என்பதை அவர் வாயாலேயே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளாக ஆக ஞாபகம் சாலையை மாற்றிவிடும்.

மருத்துவக் குழு காலின் ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுதித் தரும். அந்த எண்ணோடு விஷயம் முடிந்துவிடாது. மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கும் சாரத்தில் ஏறிக் கலவை பூசுபவருக்கும் ஒரே ஊனம் ஒரே நஷ்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே விளக்கியிருக்கிறது. ஆகவே விசாரணையில், "கால் வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்தக் கூடாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரை போட முடிகிறதா, ஏணியில் எத்தனை படி ஏற முடிகிறது, முன்பு என்ன கூலி, இப்போது யார் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கூடவே வேலை செய்த மேஸ்திரி வந்து சாட்சி சொன்னால் இன்னும் நல்லது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமானம் கேட்காமலேயே இலவச உதவி உண்டு. உங்கள் கணவருடைய வழக்கு அவர் பெயரில் வரும் என்பதால் அவருடைய வருமானச் சான்றிதழைக் கொண்டுபோங்கள்.

காகிதங்களை அந்த ஆள் தர மறுத்தால் சண்டை போட வேண்டாம். சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தால் மறு நகல் கிடைக்கும். கிடைக்காதது பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான். அதை மட்டும் எப்படியாவது வாங்கிவிடுங்கள். ஸ்கூட்டர் பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு ஃபிலிமை நான் பார்த்திருக்கிறேன். முறிவு இருந்த இடத்தில் மடிப்புக்கோடுதான் தெரிந்தது.