அக்கா மகனின் போனும் ஐயாயிரம் விளையாட்டும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, நான் கையில் பிடித்து ஆடுகிற கேம் பாய், பிரிக் கேம் காலத்து ஆள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. போன மாதம் ஐயாயிரம் பழைய விளையாட்டுகள் ஏற்றிய சின்னக் கைப்பெட்டி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். பதினைந்து வயது அக்கா மகன் அதை இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லித் தன் போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடப் போய்விட்டான். அவனுடைய அண்ணனுக்கோ கம்ப்யூட்டரில் வரும் புதிய பெரிய விளையாட்டுகள்தான் விளையாட்டு. அந்தக் காலத்து விளையாட்டுக்கு ஈடு இல்லை என்பது என் கட்சி. தீர்ப்பு உங்களுடையது. வருகிற தீபாவளிக்குச் சின்னவனுக்கும் ஒரு பழைய பெட்டி வாங்கிக் கொடுத்துத் திருத்தலாமா?
– 'பழைய பிரியன்', தலவாக்கலை

பதில்: தீர்ப்புக் கேட்டு வருகிறவர்கள் பாதிப் பேர் தீர்ப்பைக் கையோடு எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் 'திருத்தலாமா' என்று இருக்கிறது. பையன் செய்த பிழை என்ன என்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. மாமா ஆசையாக வாங்கிய சாமானை மெச்சவில்லை. அவ்வளவுதானே?

சரி, கேம் பாயை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள், அதை உண்டாக்கியவரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். குன்பெய் யோக்கோய் என்று பெயர். 1965இல் அவர் ஜப்பானின் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டு செய்கிற கம்பனி. சீட்டுக்கட்டு செய்யும் மெஷின்களைப் பராமரிப்பதுதான் அவருக்குக் கிடைத்த வேலை. நம் ஊர்க் கணக்கில் பெக்டரி ஃபிட்டர். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கல்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கையடக்க விளையாட்டு என்கிற யோசனை அவருக்கு வந்ததாம். 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' அப்படிப் பிறந்தது. (நம்முடைய பதுளை ரயிலில் ஏறி, ஏதாவது ஒரு ஸ்டேஷனில் எதிர் ரயிலுக்காகக் காத்துக் கிடந்திருந்தால் மனிதர் இன்னும் நாலைந்து கண்டுபிடித்திருப்பார்.)

அவர் தன் வேலைமுறைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். வாடிய தொழில்நுட்பத்தை வேறொரு பக்கமாகத் திருப்பி யோசிப்பது. வாடியது என்றால் பழசாகி, விலை இறங்கி, எல்லாருக்கும் கைவந்துவிட்டது. தேயிலைக் கொழுந்தை வாட்டாமல் அரைத்தால் என்ன ஆகும் என்று பெக்டரி வாசலைப் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1989 ஏப்ரலில் கேம் பாய் வந்தபோது அதன் திரையில் நிறமே கிடையாது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நாலே நாலு சாயல், பின்னால் வெளிச்சமும் இல்லை. அடுத்த ஆண்டே சேகா கம்பனி கலர் திரையும் வெளிச்சமுமாக 'கேம் கியர்' கொண்டுவந்தது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் ஆறு பற்றரி போட்டால் மூன்று, நாலு மணிநேரத்தில் குடித்துத் தீர்த்துவிடும். கேம் பாய் நாலு பற்றரியில் பத்து மணிநேரத்துக்கு மேல் ஓடியது. எது நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். கேம் பாயும் பின்னால் வந்த அதன் கலர்த் தம்பியும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

பற்றரிக் கணக்கு எப்படிப்பட்டது என்பதை நானும் அறிவேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கேம் பாய் வரவில்லை. வந்தது பிரிக் கேம். கொழும்பில் கடையில் நின்ற ஒரு அண்ணன் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவந்தார். முகப்பில் 9999 விளையாட்டு என்று போட்டிருந்தது. நாங்கள் எண்ணிப் பார்த்தவரை கட்டை அடுக்குவது, கார் ஓட்டுவது, பாம்பு, டாங்கி என்று கைவிரலுக்குள் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் அதே விளையாட்டு வேறு வேகத்தில். அந்தக் கட்டை அடுக்குவது டெட்ரிஸ், 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது என்பதெல்லாம் மீசை முளைத்த பிறகு தெரிந்த சங்கதி. இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஆட்டம். பென்டோச் பற்றரி இறங்கிவிட்டால் அடுப்பு மேட்டில் சூடுகாட்டி இன்னும் பத்து நிமிடம் ஓட்டுவோம். அதுவும் போனால் அப்பாவுடைய ரேடியோவுக்குள்ளிருந்து இரண்டைக் கழற்றுவோம். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் செய்தி கிடையாது, எங்களுக்கு முதுகில் கிடைக்கும்.

எங்களுக்கு ஏன் அது வாய்த்தது? அதைவிட நல்ல விளையாட்டு டவுனில் டிவியோடு மாட்டி ஓடிக்கொண்டிருந்தது, மரியோவும் கொன்ட்ராவும். ஆனால் டிவி வேண்டும், கரண்ட் வேண்டும். எங்கள் வரிசைக்கு அப்போது கரண்ட்டே வரவில்லை. ஆகக் குறைந்த காசில், இரண்டு பற்றரியில், லயத்துக்குள் வரக்கூடிய விளையாட்டு அது ஒன்றுதான் என்பதால் அதை விளையாடினோம். நீங்கள் இப்போது கொள்கை ஆக்கி வைத்திருப்பது அன்றைக்கு வெறும் வசதிக்கணக்கு.

இன்றைக்கு அந்தக் கணக்குப்படி லயத்துக்குள் வந்திருப்பது எது? உங்கள் அக்கா மகனின் போன். அந்தப் போன் எப்படி வந்திருக்கும் என்றும் ஊகிக்கலாம். 2020இல் பள்ளிக்கூடம் மூடிய பிறகு பாடம் போனில் வரத் தொடங்கியது. தோட்டத்து வீடுகள் பலவற்றுக்கு ஸ்மார்ட் போன் நுழைந்தது அப்போதுதான், அதுவும் பலருக்குப் பாவித்த போன். பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய காலம். பாடம் முடிந்தது, போன் மிஞ்சியது. கண்ணாடி வெடித்து, மெமரி நிறைந்து, மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்குகிற அந்தப் போன்தான் இன்றைய வாடிய தொழில்நுட்பம். யோக்கோய் உயிரோடு வந்து தலவாக்கலையில் இறங்கினால் (பாவம், 1997இல் வீதி விபத்தில் போய்விட்டார்) அவர் எடுத்துப் பார்க்கப்போவது பையனுடைய கையில் இருப்பதைத்தான். டொலர் விலையில் கப்பலேறி வந்த உங்கள் பெட்டி அவர் வம்சம் இல்லை, அது அலுமாரிச் சாமான்.

இன்னொன்று. போனில் விளையாடுவதை இந்தக் காலத்து வியாதி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நொக்கியா போனில் பாம்பு ஓட்டியவர்கள் யார்? அது 1997இல் வந்தது. உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது என்றால் அந்தப் பாம்புக்கு நீங்களும் தீனி போட்டிருப்பீர்கள். உங்கள் கணக்கில் அது பழைய நல்ல விளையாட்டா, போனில் ஆடிய கெட்ட விளையாட்டா?

பையன் பக்கம் மட்டும் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவனுடைய போனுக்குள் இருக்கிற கடை எனக்குப் பிடிக்காது. பிரிக் கேமுக்கு அண்ணன் ஒரு தடவை காசு கொடுத்தார், அதோடு சரி. இன்று விளையாட்டு இலவசம், உள்ளே போனால் துப்பாக்கிக்குச் சட்டை, ஆளுக்குச் சட்டை, டயமண்ட் என்று எல்லாம் காசுக்கு. 2012இல் வந்த கேண்டி க்ரஷ்ஷைப் பாருங்கள். ஐந்து உயிர், தோற்றால் ஒன்று போகும், போன உயிர் திரும்ப அரை மணி. காத்திரு, இல்லாவிட்டால் காசு கொடு. எங்கள் பற்றரியும் எங்களை நிறுத்தியதுதான். ஆனால் பற்றரி எங்களோடு பேரம் பேசியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் விற்கிற பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லி 2018இல் பெல்ஜியம் தடுத்துவிட்டது. இங்கே 2021இல் கிடைத்த 1,000 ரூபாய் தோட்டத்து நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் கத்த வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு, அம்மாவின் ரீலோட் காசு துப்பாக்கிச் சட்டையாக மாறுவதைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் கடைக்காரன் மேல் காட்டுங்கள், பையனுடைய ரசனை மேல் காட்டாதீர்கள். அந்தக் காலம் சுத்தம் என்றும் சொல்லாதீர்கள். நாணயம் போட்டு ஆடும் மெஷின்கள், சரியாக ருசி பிடிக்கிற இடத்தில் ஆளைக் கொன்று அடுத்த நாணயம் கேட்டவைதான்.

பெரியவனுடைய புதிய விளையாட்டுகளைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. அவை அழகாக இருக்கின்றன, சில நன்றாகவே கதை சொல்கின்றன. ஆனால் சைஸ்! 1985இன் சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கிறது. நைட் டேட்டாவுக்காக நடுச்சாமம் வரை விழித்திருந்து, கிழமைக்கணக்கில் இறக்கி, கடைசி இரவில் காற்றடித்துக் கரண்ட் போனால் அதுவே தனி விளையாட்டு.

புதுசு என்பதே ஒரு குணம் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்து 2016இல் வெளியிட்டது. படம் பார்த்தால் நம் காலத்துக் கட்டம் கட்டமான படம். பிறந்ததோ நேற்று. 2019 முதல் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது, ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், உள்ளே கடை வைத்துக் காசு கேட்பதில்லை. இது பழசா, போனா, புதுசா? மூன்று பேரும் சண்டை பிடிக்காமல் ஆடலாம். ஒரே சங்கடம், அது நிலம் கொத்திப் பயிர் வைக்கிற விளையாட்டு. நுவரெலியாப் பக்கம் நாள் முழுக்க லீக்ஸ், கோவாப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறவரிடம் நீட்டிவிடாதீர்கள், தூக்கி எறிவார்.

தீபாவளிச் சமாசாரத்துக்கு வருவோம். பெட்டி வாங்க வேண்டாம். அவனுடைய போனுக்கு ஒரு நல்ல பற்றரி போட்டுக் கொடுங்கள், கண்ணாடியையும் மாற்றுங்கள். அப்புறம் ப்ளே ஸ்டோரின் செட்டிங்ஸில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைக்கலாம். அதை வைத்துவிட்டு, பாஸ்வேர்டை அக்காவிடம் சொல்லுங்கள், அவனிடம் வேண்டாம்.

உங்கள் பெட்டிக்கு வந்தால், கேம் பாய்க்கென்று மொத்தமாக வெளிவந்ததே ஆயிரத்துச் சொச்சம் விளையாட்டுகள்தான். நீங்கள் ஐயாயிரம் வைத்திருக்கிறீர்கள். அவற்றைச் செய்தவர்களுக்கு அதில் ஐந்து சதமாவது போயிருக்குமா என்று நான் கேட்கவில்லை, கடிதத்தில் நீங்களும் சொல்லவில்லை. வாங்கி ஒரு மாதமாகிவிட்டது. கடைசி வரைக்கும் ஆடி முடித்த ஒன்றின் பெயர்கூடக் கடிதத்தில் இல்லை. இருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.